குறை காரிலா, கையிலா?

கேள்வி: எனக்கு 41 வயது. 17 ஆண்டுகளாக ஜிடி எண்டியூரன்ஸ் பந்தயங்களில் (ஒரே காரை ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் நீண்டநேரப் பந்தயங்கள்) ஓட்டுகிறேன். இப்போதைய அணியில் இது ஒன்பதாவது பருவம். இந்த ஆண்டு என்னோடு காரைப் பகிர்ந்துகொள்ளும் 24 வயதுப் பையன் லேப்புக்கு (தடத்தின் ஒரு சுற்றுக்கு) சராசரியாக 0.3 வினாடி வேகமாக இருக்கிறான். அணி எனக்கு ஓராண்டு நீட்டிப்பு தருவதாகச் சொல்கிறது. இன்னோர் அணி, அடுத்த ஆண்டு வரப்போகும் புதிய காருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பேசுகிறது. வீட்டில் "போதும், நிறுத்திவிடுங்கள்" என்கிறார்கள். இருப்பதா, மாறுவதா, விடுவதா? எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விகளையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த முடிச்சு இருப்பது 0.3 வினாடியில். அது காரிலிருந்து வருகிறதா, உங்கள் கையிலிருந்து வருகிறதா என்று தெரியும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஓய்வு என்ற பேச்சையும் எடுக்காதீர்கள். கார் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அணி மாறுவது பலன் தரும். ஓட்டும் பழக்கத்தில் குறை என்றால் எந்த அணிக்குப் போனாலும் அது கூடவே வரும். அதற்குச் சில வாரப் பயிற்சி வேண்டும். உடலில் குறை என்றால்தான் ஓய்வு பற்றிப் பேச வேண்டும்.

வயதை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. மைக்கேல் ஷூமாக்கர் 2010-ல் மெர்சிடிஸ் அணிக்காக ஃபார்முலா 1-க்குத் திரும்பி வந்தபோது அவருக்கும் 41 வயதுதான். மூன்று பருவங்கள் ஓட்டி, 2012-ல் வலென்சியாவில் ஒரே ஒரு முறை முதல் மூவரில் ஒருவராக மேடையேறினார். 2023-ல் ஆஸ்டன் மார்ட்டின் காரில் முதல் பந்தயத்துக்கு வந்த ஃபெர்னான்டோ அலோன்சோவுக்கும் 41. அவர் அந்த ஒரு பருவத்திலேயே எட்டு முறை மேடையேறி, 206 புள்ளிகளுடன் நான்காவதாக முடித்தார்.

காரின் தரத்தில் இருந்த வேறுபாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, இருவரும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பாருங்கள். ஷூமாக்கர் 2006 முடிவில் விலகி மூன்று ஆண்டுகள் ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டவில்லை. 2009-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தில் அடிபட்டிருந்தது. அவர் போகும்போது கோடுபோட்ட டயர், வரும்போது வழுவழுப்பான ஸ்லிக் டயர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபெராரியில் இருந்தபோது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சோதனை ஓட்டம் ஓடித்தான் அவர் காரைத் தன் கைக்குக் கொண்டுவருவார். பருவத்துக்கு நடுவே சோதனை ஓட்டம் கூடாது என்ற விதி 2009-லேயே வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டிருந்தது. அலோன்சோவும் 2019, 2020 இரண்டு ஆண்டுகள் ஃபார்முலா 1-ல் இல்லை. ஆனால் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை: 2018-லும் 2019-லும் டொயோட்டாவுடன் லெ மான்ஸ் வெற்றி, 2020 ஜனவரியில் டக்கார் பாலைவன ராலி, அதே ஆண்டில் இண்டியானாபோலிஸ் 500, அதன் பிறகு ஆல்பைன் அணியில் இரண்டு முழுப் பருவம். அதற்கெல்லாம் பிறகுதான் ஆஸ்டன் மார்ட்டின்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2010-ல் மெர்சிடிஸில் ஷூமாக்கரின் இணை ஓட்டுநர் நிகோ ரோஸ்பெர்க் 142 புள்ளி, ஷூமாக்கர் 72. அடுத்த ஆண்டு 89-க்கு 76. புதிய இடத்தில் முதல் பருவத்தை மட்டும் வைத்து ஓர் அனுபவசாலியை அளந்தால் கணக்கு தப்பாகும். உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை எடைபோடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இனி அந்த 0.3. உங்கள் டேட்டா எஞ்சினியரிடம் கடைசி நான்கு பந்தயங்களின் லேப்களை வாங்குங்கள். பிட்டுக்குள் போன லேப், வெளியே வந்த லேப், மஞ்சள் கொடி, சேஃப்டி கார், வேகப் பிரிவுக் கார்களுக்கு வழிவிட்ட லேப் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை டயரின் வயதுப்படி ஜோடி சேருங்கள்: பத்து லேப் ஓடிய டயரில் நீங்கள், பத்து லேப் ஓடிய டயரில் அவர். எரிபொருள் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஃபார்முலா 1-ல் 10 கிலோ எரிபொருள் ஏறினால் லேப்புக்கு ஏறக்குறைய 0.3 வினாடி போகும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். உங்கள் ஜிடி காருக்கு அந்த எண் வேறு. அணியின் கணினியில் அது கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பிறகு இருவருடைய லேப்களிலும் மிக வேகமான 20 சதவீதத்தை மட்டும் எடுத்துச் சராசரி பாருங்கள். மொத்தச் சராசரி டிராஃபிக்கில் கெட்டுப்போகும், ஒரே ஒரு சிறந்த லேப் அதிர்ஷ்டத்தில் வந்துவிடும். இந்த 20 சதவீதக் கணக்குதான் ஓரளவு உண்மையைச் சொல்லும்.

புது டயர் யாருக்குப் போகிறது, குவாலிஃபையிங் (தொடக்க வரிசையை முடிவுசெய்யும் ஓட்டம்) யார் ஓட்டுகிறார், மாலையில் தடம் குளிர்ந்த பிறகு வரும் ஸ்டின்ட் (ஒருவர் தொடர்ந்து ஓட்டும் பகுதி) யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கே நல்ல நேரமெல்லாம் விழும் அணிகள் உண்டு. அதைத் திட்டமிட்ட ஓரவஞ்சனை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, பந்தய உத்தியே அப்படி அமைந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தை உங்கள் கணக்கில் எழுதக் கூடாது.

சுத்தம் செய்த பிறகும் 0.3 நின்றால், அது எந்த வளைவில் போகிறது என்று பாருங்கள். டேட்டா வரைபடத்தில் பிரேக் அழுத்தத்தைக் காட்டும் கோட்டை, இருவருடையதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேகமான ஒரு வளைவின் நுழைவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கை தேறியவரின் கோடு செங்குத்தாக உச்சிக்கு ஏறும், பிறகு சரிவாக, ஒரே இழுப்பில், வளைவின் உள்முனைவரை இறங்கும். நம்பிக்கை குறைந்தவரின் கோட்டில் இறங்கும்போது ஒரு படி தெரியும்: காலை எடுத்தார், சந்தேகம் வந்தது, மறுபடி லேசாகத் தொட்டார். அதற்கு அடுத்து பிரேக்கிலும் கால் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரிலும் கால் இல்லாமல் கார் தானாக உருளும் ஒரு சின்ன இடைவெளி வரும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளி 0.2 வினாடி என்றால், கார் 11 மீட்டர் தூரத்தை யாருடைய கட்டளையும் இல்லாமல் கடக்கிறது. ஒரு சுற்றில் இப்படி நான்கு வளைவு இருந்தால் உங்கள் 0.3 அங்கேயே கிடக்கிறது.

அந்தப் படி உங்கள் கோட்டில் இருந்தால் உடனே வயதின்மேல் பழி போட வேண்டாம். காரின் பின்பக்கம் நுழைவில் வழுக்குகிறதா என்று பாருங்கள். இளையவர்கள் முன்பக்கம் கூர்மையாகத் திரும்பும் காரை விரும்புவார்கள். அணி அந்த இளையவர் பக்கமாக செட்டப்பை (காரின் அமைப்பை) நகர்த்தியிருந்தால், பின்பக்கம் உறுதியாக நின்றால்தான் பிரேக்கை விடும் பழக்கமுள்ள உங்களுக்கு அந்தக் கார் பயம் காட்டும். சோதிப்பது எளிது. ஒரு பயிற்சி நாளில் உங்கள் பழைய செட்டப்பை, பின் இறக்கையில் ஒரு படி கூடுதலாக வைத்து, ஒரே டயரில் எட்டு லேப் ஓட்டுங்கள். கோட்டிலிருந்த படி மறைந்தால் குறை உங்களுக்கும் காருக்கும் இடையிலான பொருத்தத்தில் இருக்கிறது. மறையாவிட்டால் பழக்கம். அதற்கு சிமுலேட்டரில் பிரேக்கை விடும் பயிற்சி மட்டும், நாளுக்கு 40 நிமிடம், ஆறு வாரம் செய்யுங்கள். அதற்குமேல் ஒரே மூச்சில் உட்கார்ந்தால் பழைய தவறுதான் உறுதிப்படும்.

வேகமான வளைவுகளில் ஒன்றும் போகவில்லை, டிராஃபிக்கிலும் இரவிலும் மட்டும்தான் போகிறது என்றால் நான் முதலில் அனுப்பும் இடம் கண் மருத்துவர். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வெள்ளெழுத்து எட்டிப்பார்க்கும். தூரத்து வளைவிலிருந்து ஸ்டீயரிங் திரைக்கும், திரையிலிருந்து மறுபடி தூரத்துக்கும் பார்வை மாறும் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் கூடுகிறது. பகலில் தெரியாது; இரவில், பின்னால் வரும் காரின் விளக்கு கண்ணாடியில் அடிக்கும்போது தெரியும். திரையில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கத்தில் மூன்று எண்களுக்குமேல் வேண்டாம் என்று சொல்லுங்கள், எரிபொருள், டயர் அழுத்தம் போன்றவற்றை ரேடியோவில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியோ லென்ஸோ போட்டு ஓட்டுவதில் விதிப்படி தடை இல்லை. திருத்திய பின் பார்வை தேவையான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை இந்தப் பிரச்சினையை "வேகம் போய்விட்டது" என்று சொல்லவே கூடாது. கண்ணாடியில் முடிய வேண்டிய விஷயத்துக்காகத் தொழிலையே விடுவது அநியாயம்.

ஸ்டின்ட்டின் கடைசி கால்பங்கில் மட்டும் நேரம் சரிந்தால் வெப்பத்தைப் பாருங்கள். காரில் ஏறுமுன்பும் இறங்கிய உடனும் எடை போடுங்கள். 75 கிலோ உள்ளவர் 1.5 கிலோவுக்குமேல் இழந்திருந்தால், அதாவது இரண்டு சதவீதத்தைத் தாண்டினால், கவனம் சிதறுவது இயல்பு. குடிநீர்க் குழாயின் ஓட்டம், உப்பின் அளவு, குளிர்காற்றுக் குழாய் ஹெல்மெட்டில் சரியாகப் பொருந்துகிறதா என்பதையெல்லாம் சரிசெய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மூன்று பந்தயம் இப்படிப் பார்த்தும் சரிவு மாறவில்லை என்றால் அதை உடலின் பதிலாக ஏற்றுக்கொள்ளலாம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி 45 வயதைத் தாண்டியவர்கள் உழைப்பு நிலையில் எடுக்கும் இசிஜி காட்ட வேண்டும். நீங்கள் அதை இப்போதே எடுத்துவிடுங்கள். புது அணியோடு பேசும்போது அந்தத் தாள் கையில் இருப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது. தலையில் அடி. அமெரிக்க இண்டிகார் தொடரின் டாரியோ ஃபிராங்கிட்டி 2013 அக்டோபரில் ஹூஸ்டன் விபத்துக்குப் பிறகு, மருத்துவர்கள் சொன்னதும் அடுத்த மாதமே நிறுத்தினார். மூன்று இண்டியானாபோலிஸ் 500 வெற்றி பெற்றவர். நாஸ்கார் தொடரின் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2016-ல் தலைக்காயத்தால் பருவத்தின் பின்பாதியை இழந்து, 2017 முடிவில் முழுநேர ஓட்டத்தை விட்டார். கடந்த சில ஆண்டுகளில் உங்களுக்குப் பெரிய மோதல் ஏதாவது நடந்திருந்தால், ஞாபகம், சமநிலை, தூக்கம் மூன்றையும் நரம்பியல் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் வேண்டாம் என்றால் இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் பொருளில்லாதது. உங்கள் வீட்டாரின் "போதும்" என்பதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கக்கூடும். அந்த அறிக்கையை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.

உடல் சரி, கை சரி, பொருத்தம்தான் இல்லை என்று வந்தால் புதிய அணியைப் பற்றிப் பேசலாம். அனுபவசாலிகள் இங்கே செய்யும் பெரிய தவறு, காரைப் பார்த்து மயங்குவது. புதிய காரின் முதல் ஆண்டு பெரும்பாலும் பாகங்கள் உடையும் ஆண்டு, உதிரிக்குக் காத்திருக்கும் ஆண்டு. போதாக்குறைக்கு, பிஓபி என்ற சமன்படுத்தும் விதியில் புதுக் காருக்கு எடை எவ்வளவு, பவர் எவ்வளவு என்பது பந்தயம் தொடங்கிய பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். ஆகவே அணியின் முதலாளியிடம் பேசியது போதும். உங்கள் காருக்கு யார் ரேஸ் எஞ்சினியர் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். முதல் பந்தயத்துக்கு முன் எத்தனை நாள் சோதனை ஓட்டம், அதில் உங்களுக்கு எத்தனை நாள், உதிரி கியர்பாக்ஸ் எத்தனை, கடந்த ஆண்டு மெக்கானிக்குகளில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் அணியின் உண்மையான நாடி.

ஆள் சரியாக இருந்தால் மாற்றம் கைகொடுக்கும் என்பதற்கு ராலி ஓட்டுநர் செபாஸ்டியன் ஓஜியே நல்ல உதாரணம். 2016 முடிவில் ஃபோக்ஸ்வாகன் ராலியிலிருந்து விலகியதும் எம்-ஸ்போர்ட் ஃபோர்டு அணிக்குப் போய் 2017, 2018 இரண்டு உலகப் பட்டங்களை வென்றார். மறுபக்கம் ஃபார்முலா 1-ன் டேனியல் ரிக்கார்டோ. 2021-ல் மெக்லாரனுக்குப் போய் மோன்ஸாவில் வென்றாலும், வளைவுக்குள் நுழையும் அந்தக் காரின் குணம் அவருடைய பிரேக் பாணிக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. ஒப்பந்தம் ஓராண்டு முன்பே முடிந்தது. அதனால் கையெழுத்துக்கு முன் அந்தக் காரிலோ, அதே தயாரிப்பாளரின் இப்போதைய காரிலோ ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். 40 லேப் போதும், ஒத்துவருமா என்று பிரேக்கே சொல்லிவிடும்.

ஒப்பந்தத்தில் "இரண்டு ஆண்டு" என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். இரண்டாவது ஆண்டு உறுதியா, அணியின் விருப்பமா? விருப்பம் அணியின் கையில் மட்டும் இருந்தால் அது ஓராண்டு ஒப்பந்தம்தான். அந்த விருப்பத்தைச் சொல்லக் கடைசி நாள் என்ன என்று எழுதச் சொல்லுங்கள். பருவம் முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பாக இருந்தால்தான் வேறு சீட் தேட உங்களுக்கு நேரம் கிடைக்கும். வேக நிபந்தனை போட்டால் அதை எப்படி அளப்பது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். மேலே சொன்ன 20 சதவீதக் கணக்கையே எழுதச் சொல்லலாம். காயம்பட்டால் சம்பளம், மருத்துவக் காப்பீடு, தவணைத் தேதிகள், தவணை தவறினால் நீங்கள் வெளியேறும் உரிமை ஆகியவை வரிவரியாக வேண்டும். வெளியேறும் உரிமை என்பது விசுவாசக் குறைவல்ல. லூயிஸ் ஹாமில்டன் 2023 ஆகஸ்டில் மெர்சிடிஸுடன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே அந்த வழி இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் ஃபெராரிக்குப் போவதை முறையாக அறிவிக்க முடிந்தது.

இப்போதைய அணியின் ஓராண்டு நீட்டிப்பை நான் குறைவாக மதிக்கவில்லை. ஒன்பது ஆண்டு பழகிய எஞ்சினியர், உங்கள் ஒரு சொல்லிலேயே ஸ்பிரிங்கை மாற்றிவிடுவார். அதைப் புது இடத்தில் உருவாக்கப் பாதிப் பருவம் போகும். உங்கள் காரில் வெண்கலத் தர (Bronze, தொழில்முறையல்லாத) ஓட்டுநரும் ஏறுகிறார் என்றால் உங்கள் மதிப்பு இன்னும் கூடுதல். உலக எண்டியூரன்ஸ் தொடரின் எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் அப்படி ஒருவர் கட்டாயம். அவர் பயமில்லாமல் ஓட்டும்படி காரை அமைத்துக் கொடுக்க, உங்கள் லேப்பில் 0.2 வினாடியை விட்டுக்கொடுத்து அவர் லேப்பில் ஒரு வினாடியை எடுத்துத் தரத் தெரிந்த மூத்தவரை எந்த அணியும் எளிதில் விடாது. உங்கள் 0.3-ல் அப்படி விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்றும் எஞ்சினியரைக் கேளுங்கள். சம்பளம் பேசும் மேசையில் அந்த எண்தான் உங்கள் ஆயுதம்.

நிறுத்துவது என்றால் முழுவதையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும் என்பதில்லை. நிகோ ரோஸ்பெர்க் 2016-ல் பட்டம் வென்ற ஐந்தாம் நாள் விலகினார், அது அவருக்குச் சரி. நம் நரேன் கார்த்திகேயன் ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா ஓட்டிவிட்டு, 2019-ல் 42 வயதில் சூப்பர் ஜிடிக்கு மாறி, அந்த நவம்பரிலேயே ஃபூஜியில் வென்றார். ஹீலியோ காஸ்ட்ரோநெவிஸ் முழுநேர இண்டிகார் சீட் போன பிறகு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினார். 2021-ல் ஆறு பந்தயம் மட்டும் என்ற ஒப்பந்தத்தில் வேறோர் அணிக்காக வந்து, 46 வயதில் நான்காவது முறையாக இண்டியானாபோலிஸ் 500-ஐ வென்றார். ஓஜியே 2022 முதல் பருவத்தின் சில ராலிகளை விட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறார், அப்படியும் 2025-ல் ஒன்பதாவது பட்டம். உங்கள் துறையில் நீண்ட பந்தயங்களுக்கு மட்டும் மூன்றாவது ஓட்டுநராகப் போவது, சோதனை ஓட்டங்களுக்கு மட்டும் போவது என்று வழிகள் உண்டு. ஒரே எச்சரிக்கை: ஓட்டும் நாட்கள் குறைந்தால் சிமுலேட்டர், கார்ட் என்று கையைச் சூடாக வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் ஓட்டாமல் நேரே இரவு ஸ்டின்ட்டில் ஏறுவது ஆபத்து.

ஓட்டுவதில் ஆசை இருக்கிறது, ஆனால் சோதனை ஓட்டம், டேட்டா கூட்டம், ஜிம் என்றால் மனம் விலகுகிறது என்ற நிலை வந்திருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். ஒரு வாரச் சோர்வு கணக்கில் வராது. இரண்டு பருவ இடைவேளைகளில் தொடர்ந்து அப்படி இருந்தால் எண்கள் நன்றாக இருந்தாலும் நான் நிறுத்தச் சொல்வேன். பயிற்சியில் வேண்டாவெறுப்பாக இருப்பவர் மழையில் தாமதமாகத்தான் முடிவெடுப்பார். ஃபார்முலா 1 ஓட்டுநர் நிகி லாடா 1979-ல் கனடாவில் பயிற்சிக்கு நடுவிலேயே காரை விட்டு இறங்கிப் போனார். ஆசை திரும்பியதும் 1981-ல் டானிங்டனில் மெக்லாரன் காரில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் 1982-ல் வந்தார். 1984-ல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம். நேர்மையாக நிறுத்தியவருக்குக் கதவு முழுவதுமாக அடைபடுவதில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் வாரம் டேட்டாவும் கண் மருத்துவரும். அடுத்த பயிற்சி நாளில் செட்டப் சோதனை. அதற்குள் இரண்டு அணிகளுக்கும் "ஆறு வாரத்தில் பதில் சொல்கிறேன்" என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தேதி சொன்னவரை அணிகள் மதிக்கும், இழுத்தடிப்பவரின் சீட்டுக்கு வேறு ஆள் தேடும். முடிவு எதுவானாலும் முதலில் வீட்டில் சொல்லுங்கள், பிறகு அணித் தலைவர், அதே நாளில் உங்கள் எஞ்சினியரும் மெக்கானிக்குகளும், அடுத்து ஸ்பான்சர், கடைசியாகத்தான் வெளியுலகம். விலகுவதாக இருந்தால் அடுத்த ஆண்டுக் கார் பற்றிய கூட்டங்களுக்கு உங்களைக் கூப்பிடுவது நின்றுவிடும். மனம் வருந்தாதீர்கள், அது நடைமுறை. டேட்டா எஞ்சினியரிடம் லேப் பட்டியலை இன்றே கேட்டுவிடுங்கள். அணி மாறுகிறீர்கள் என்ற செய்தி கசிந்த பிறகு அந்தக் கோப்பு உங்களுக்குக் கிடைக்காது.